கொள்ளிக்குடப் பாடம்

உயிரோடு இருக்கும்போதே தனக்குக் கொள்ளிக்குடம் உடைக்கச் சொல்லிப் படுத்துப் பார்த்த பொம்பளை, இலஞ்சியில் வள்ளித்தாய் ஒருத்திதான். ஆசைப்பட்டுச் செய்யவில்லை. வயிறு வீங்கிக்கொண்டே போனது. தென்காசி டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு, மருந்து எழுதாமல், "வீட்டில் ஆம்பிளை யார் இருக்காங்க?" என்று கேட்டார். இருந்தான். மகன் நல்லதம்பி, வயசு இருபது. டாக்டரின் மேஜைமேல் இருந்த கண்ணாடிக் குண்டை எடுத்துக் கன்னத்தில் வைத்து, அது குளிர்கிறது என்று சிரித்துக்கொண்டிருந்தான். டாக்டர் அவனைப் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார்.

நல்லதம்பி பிறக்கும்போதே ஈரத்துணி மாதிரித் துவண்டு கிடந்தான். மேலே சாய்ந்த சின்னக் கண்கள், தட்டை மூக்கு, குட்டைக் கழுத்து, வாய்க்குள் அடங்காத நாக்கு. உள்ளங்கையில் குறுக்கே ஒரே ஒரு ரேகை. கைரேகை பார்க்க வந்தவன் அதைப் பார்த்ததும் தட்சிணை வாங்காமல் எழுந்து போய்விட்டான். கொஞ்சம் வேகமாக நடந்தால் பையனுக்கு உதடு நீலம் பாயும். ஊர் அவனுக்கு வைத்த பேர்களை எழுத எனக்கு இஷ்டமில்லை. ஊருக்கு வாய் உண்டு, வெட்கம் கிடையாது. மரியாதைப்பட்டவர்கள் 'மந்தம்' என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அப்பன் செத்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. தலையை மழித்து, தோளில் தண்ணீர்க் குடத்தை ஏற்றி, சுடுகாட்டில் பிணத்தைச் சுற்றி வரச் சொன்னார்கள். சுற்றுக்கு ஒருமுறை குடிமகன், அதாவது ஊர் நாவிதன், பின்னாலேயே வந்து அரிவாள் மூக்கால் குடத்தில் ஒரு பொத்தல் போடுவான். தண்ணீர் முதுகில் பீய்ச்சும். மூன்று சுற்று முடிந்ததும் பிணத்துக்கு முதுகைக் காட்டி நின்று குடத்தைப் பின்னால் போட்டு உடைக்க வேண்டும். கொள்ளியையும் பின்கையால்தான் வைக்க வேண்டும். வைத்தபிறகு திரும்பிப் பாராமல் நடந்துவிட வேண்டும். நல்லதம்பி முதல் பொத்தலிலேயே வீறிட்டுக் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினான். பெரியப்பா மகன் சங்கரநாராயணன் வேறு குடம் வாங்கிச் சுற்றி முடித்தான்.

அன்றிலிருந்து தென்னந்தோப்பும் வயலும் சங்கரநாராயணன் கையில். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கொள்ளி போட்டவன் பிள்ளை, பிள்ளைக்குச் சொத்து. அந்த ஊர்ச் சட்டம் அவ்வளவுதான். வீடு மட்டும் வள்ளித்தாய் இருக்கிற வரைக்கும் அவளுக்கு.

சங்கரநாராயணனைக் கெட்டவன் என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபம். அப்படிச் சொல்ல முடியாது. ஒவ்வொரு வெட்டுக்கும் சித்தி வீட்டில் தேங்காயை இறக்கிவிட்டுத்தான் சந்தைக்கு வண்டியை விடுவான். தம்பிக்குப் புத்தி தெளியட்டும் என்று ஒரு சீசன் முழுக்கக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனவனும் அவன்தான். அருவிக்குத் தலை கொடுத்தால் எந்தப் பித்தும் தெளியும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இடுப்பில் கயிற்றைக் கட்டி, இரண்டு பேர் தோளை அழுத்திப் பிடித்து, பையனைப் பேரருவிக்கு அடியில் நிறுத்தினார்கள். தண்ணீர் கல்லாக விழுந்தது. புத்தி தெளியவில்லை. பயம்தான் பிடித்தது. கூரையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தாலும் அதற்குப் பிறகு இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொள்வான்.

"சித்தி காலத்துக்குப் பொறவு இவனை அருவிக்கரை மண்டபத்துல விட்டுருவோம்," என்று சங்கரநாராயணன் வள்ளித்தாயின் முகத்துக்கு நேரேதான் சொன்னான். "அங்கன இவனை மாதிரி நாலு பேரு கெடக்கான். சீசனுக்கு வாற சனம் சோறு போடுது. எம் பொண்டாட்டியால இவனைப் பார்க்க முடியாது சித்தி. உள்ளதைச் சொல்லுதேன்."

அந்த மண்டபத்தில் கிடந்தவர்கள் எல்லோரும் அப்படி வந்தவர்கள்தான். குணப்படுத்தக் கூட்டி வந்தவர்கள் குணமாகவில்லை என்றதும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சீசன் முடிந்து, அருவி நூலாகி, கடைகளை மூட்டை கட்டிய பிறகு அவர்கள் என்ன தின்கிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை. வள்ளித்தாய் ஒரு தை மாதம் அந்த வழியாகப் போயிருக்கிறாள். அவளுக்குத் தெரியும்.

குருவம்மாள் இரண்டு வீடு தள்ளி வாழ வந்தவள். வயசு இருபத்திரண்டு. தென்காசியில் பள்ளிக்கூடத்தில் எட்டு வரை படித்தவள். புருஷன் கொழும்பில் கடைச் சிப்பந்தி. உலகச் சண்டை தொடங்கியதிலிருந்து கடுதாசி நின்றுபோனது. சண்டையால் நின்றதா, மனசால் நின்றதா என்று அவள் மாமியாருக்கே சந்தேகம். மத்தியானங்களில் அவள் தோப்புக்கு ஆடு ஓட்டிப் போவாள். அங்கே நல்லதம்பி உட்கார்ந்திருப்பான். ஒருநாள் மணலில் ஒரு 'ட' போட்டுக் காட்டினாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. யாரும் கூலி தருவதாகச் சொல்லவும் இல்லை. அவன் அந்த 'ட'வைத் தானாகப் போடுவதற்கு ஒரு நெல் அறுப்புக் காலம் ஆனது.

"செவிடன் காதுல சங்கு ஊதுதா," என்றாள் மாமியார். "உனக்கு என்னட்டி கெடைக்குது அவன்கிட்ட?"

குருவம்மாள் ஆட்டை ஓட்டிக்கொண்டு வெளியேறினாள். சொன்னால் சிரிப்பார்கள். அவளைக் கண்டதும் நல்லதம்பி எழுந்து நிற்பான். அவள் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "க்கா" என்பான். இலஞ்சிக்கு வாழ வந்த நாளிலிருந்து அவளைக் கண்டதற்காகச் சந்தோஷப்பட்ட முகம் அது ஒன்றுதான். ஒரு எழுத்துப் பிடிபட்ட அன்று அவன் அவளைவிட அதிகமாகச் சிரிப்பான். அன்று ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கும். அதுதான் அவளுக்குக் கிடைத்தது.

டாக்டரைப் பார்த்து வந்த மறுநாள் வள்ளித்தாய் தோப்புக்கு வந்து, மணலில் இருந்த எழுத்தைக் காலால் அழித்தாள்.

"எழுத்து போதும்ட்டி குருவு. எனக்குக் கொள்ளி வைக்க அவனுக்குச் சொல்லிக்கொடு."

"அத்தே, இது என்ன பேச்சு?"

"நாட்டாமை இசக்கியப்பன் அண்ணாச்சிகிட்ட கேட்டுட்டேன். குடத்தைக் கீழ போடாம மூணு சுத்து சுத்தி, கொள்ளி வச்சு, திரும்பிப் பார்க்காம வந்துட்டான்னா அவன்தான் பிள்ளை, வீடும் அவனுக்குன்னு வாக்குக் கொடுத்திருக்காரு. போட்டுட்டான்னா அருவிக்கரைதான். ஒரு 'ட'வைப் படிக்க வச்ச உன்னால இதையும் படிக்க வைக்க முடியும்லா?"

குருவம்மாள் சுடுகாட்டைப் பார்த்தவள் இல்லை. வள்ளித்தாயும் பார்த்ததில்லை. எங்கள் பக்கம் பெண்கள் தெரு முக்கு வரைக்கும்தான். அங்கே மாரடித்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். ஆகவே வள்ளித்தாய் குடிமகன் மாடனைக் கூப்பிட்டு, பிணத்துக்கு அங்கே என்னென்ன செய்வார்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னாள்.

"இது பொம்பளையள்ட்ட சொல்லுத காரியமா தாயி?" என்று அவன் நெளிந்தான்.

"நீ சொல்லலேன்னா எம்புள்ள பிச்சை எடுப்பான். சொல்லு மாடா."

சொன்னான். சொல்லிவிட்டுத் தோப்பை விட்டுப் போகும்போது அவன் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் தொந்தரவு தண்ணீர். குருவம்மாள் ஒரு சிரட்டையில் தண்ணீர் எடுத்து நல்லதம்பி கையில் கொடுத்து, தன் தோளில் ஊற்றச் சொன்னாள். அவள் நனைந்ததைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு. அடுத்து அவள் நனைந்த கையை அவன் தோளில் வைத்தாள். பிறகு விரல் நுனியால் தெளித்தாள். ஒவ்வொரு நாளும் ஒரு சொட்டுக் கூடுதல். சில நாள் தலையைப் பொத்திக்கொண்டு கிணற்றடியில் சுருண்டுவிடுவான். அன்று பாடம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிவிட்டு வருவாள். மாசி போய், பங்குனி போய், சித்திரை வெயிலில் ஓட்டைச் செம்பைத் தோளில் வைத்துக்கொண்டு, முதுகில் தண்ணீர் ஒழுக, கண்ணை இறுக மூடி நின்றான். நடுங்கினான், ஆனால் நின்றான். குருவம்மாள் அழுதுவிட்டாள்.

அடுத்தது சுற்று. பிணத்துக்குப் பதிலாக ஒரு வாழைத்தண்டைப் போட்டார்கள். அவன் அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். சுருட்டிய பாயைப் போட்டார்கள். அதை விரித்துப் படுத்துக்கொண்டான். கடைசியில் வள்ளித்தாய் அந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்து, தென்னங்கீற்றில் தானே மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினாள். அம்மாவைச் சுற்றுவது என்றால் அவனுக்குச் சந்தோஷம். சுற்றினான்.

திரும்பாமல் வருவதுதான் வரவில்லை. மணலில் குடத்தைப் பின்னால் நழுவவிட்ட உடனே திரும்பி ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொள்வான். குருவம்மாள் கருப்பட்டி காட்டினாள், அதட்டினாள், கெஞ்சினாள். வைகாசியும் முடிந்துவிட்டது. வள்ளித்தாய்க்குப் படுத்தால் எழுந்திருக்க ஆள் வேண்டியிருந்தது. ஒருநாள் பொறுமை போய்க் குருவம்மாள் சொன்னாள்:

"இங்க பாரு நல்லதம்பி. நீ திரும்பாம கெணறு வரைக்கும் போனாத்தான் அம்மா எந்திரிப்பா. திரும்பினியோ, எந்திரிக்கவே மாட்டா."

கீற்றில் கிடந்த வள்ளித்தாய் அதைக் கேட்டுக்கொண்டாள். அன்று அவன் திரும்பி ஓடிவந்து உலுக்கியபோது அவள் கண்ணைத் திறக்கவில்லை. அவன் கன்னத்தைத் தட்டினான், இமையை விரலால் தூக்கிப் பார்த்தான், அழுதான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். மறுநாள் அவன் குடத்தைப் பின்னால் விட்டான். கழுத்தை விறைத்துக்கொண்டு நேரே கிணறு வரைக்கும் போய், முதுகைக் காட்டியபடி நின்றான். பின்னால் குருவம்மாள் கைகொடுத்து வள்ளித்தாயைத் தூக்கிவிட்டாள்.

"எம்புள்ள செயிச்சிட்டான்," என்றாள் வள்ளித்தாய். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் அவன் திரும்பினான். அவ்வளவு பெரிய சிரிப்பை அந்தத் தோப்பு பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு ஒருநாளும் தப்பவில்லை. ஆனி மாதக் கடைசியில், படுக்கையோடு படுக்கையான பிறகு, வள்ளித்தாய் குருவம்மாளைக் குனியச் சொன்னாள்.

"ஏட்டி, நான் எந்திரிக்கமாட்டேன்னு அவன்கிட்டச் சொல்லிரு."

"சொல்லுதேன் அத்தே."

"இப்பச் சொல்லாத. குடத்தை உடைச்சிட்டு வரட்டும்."

ஆடி பிறந்து, சாரல் பிடித்திருந்த ஒரு காலையில் வள்ளித்தாய் செத்துப்போனாள். சங்கரநாராயணன் தலையை மழித்து, குளித்து, ஈர வேட்டியோடுதான் வந்தான். இந்தப் பையனை நம்பி யார் சும்மா இருப்பார்கள்? இசக்கியப்பன் அண்ணாச்சி அவனை ஒதுங்கி நிற்கச் சொன்னார்.

"வாக்குக் கொடுத்திருக்கேன்டே. மொதல்ல அவன் எடுக்கட்டும். கீழ போட்டான்னா நீ எடு."

நல்லதம்பிக்கும் தலையை மழித்தார்கள். அவன் அழவில்லை. பாடையில் கிடந்த அம்மாவை ஒருதரம் பார்த்தான். அவள் கண்ணை மூடிப் படுத்திருப்பது அவனுக்குப் பழக்கம்தான். 'பெத்த தாய் கிடக்கா, கல்லு மாதிரி நிக்கான் பாரு' என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். தெரு முக்கில் பெண்கள் நின்றுவிட்டார்கள். அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு குருவம்மாளிடம் வந்தான்.

"க்கா. அம்மா எந்திரிப்பாளா?"

சங்கு ஊதிக்கொண்டிருந்தது. சாரல் பொடியாக விழ ஆரம்பித்திருந்தது. உண்மையைச் சொன்னால் அவன் அங்கேயே விழுந்து அம்மாவைப் பிடித்துக்கொள்வான். குடம் சங்கரநாராயணன் தோளுக்குப் போகும். ஐப்பசியில் நல்லதம்பி மண்டபத்தில் இருப்பான். பொய் சொல்வதற்கும் அவளுக்கு நாக்கு எழவில்லை.

"திரும்பாம வா," என்றாள்.

அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

சுடுகாட்டில் நடந்ததை மாடன் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். சாரல் கனத்துத் தலையில் விழுந்தபோதே பையன் நடுங்க ஆரம்பித்துவிட்டானாம். முதல் பொத்தலில் தண்ணீர் பீய்ச்சியதும் கண்ணை மூடிக்கொண்டு மரமாக நின்றுவிட்டான். உதடு நீலம் பாய்ந்தது. சங்கரநாராயணன் குடத்தை வாங்கக் கை நீட்டினான். நல்லதம்பி கண்ணைத் திறக்காமலே அடுத்த அடியை வைத்தான். இரண்டாவது சுற்று, மூன்றாவது சுற்று. மாடன் அரிவாளை லேசாகத்தான் தட்டினானாம், தண்ணீர் குறைவாக வரட்டும் என்று. குடம் பின்னால் விழுந்து உடைந்தது. கொள்ளியைப் பின்கையால் வைத்தான்; ஈர விறகு, ஓலையும் சிரட்டையும் போட்டும் புகைந்தது. அவன் திரும்பாமல் நடந்தான்.

"ஏலே நல்லதம்பி," என்று சங்கரநாராயணன் பின்னாலிருந்து கூப்பிட்டான். வேண்டுமென்றேதான். "ஏலே, அம்மா கூப்பிடுதாலே."

அவன் கழுத்துகூட அசையவில்லை. ஆற்றில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வர வேண்டும் என்பது முறை. அதை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நேரே நடந்தான். ஆட்கள் எட்டிப் பிடிப்பதற்குள் தெருவுக்கு வந்துவிட்டான்.

கழுவிவிட்ட வாசலில் குருவம்மாள் நின்றாள். அவன் மூச்சு இரைக்க வந்து அவள் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டான். நனைந்த கன்னம் சில்லிட்டது.

"திரும்பல, க்கா."

"தெரியும்யா."

அவன் தோப்புக்கு ஓடினான். கீற்று கிடந்தது. அதில் யாரும் இல்லை.

ஆண்கள் வந்தார்கள். இசக்கியப்பன் அண்ணாச்சி நாலு பேர் கேட்க, "பிள்ளை கடமையைச் செஞ்சிட்டான். வீடு அவனுக்கு. இனி அருவிக்கரைப் பேச்சு கிடையாது," என்றார். சங்கரநாராயணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். மாமியார்கூட, "எப்படியோ சாதிச்சிட்டாளே," என்றாள். வாழ்நாளில் குருவம்மாளுக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை அது. அது அவள் காதில் ஏறவில்லை. தோப்பிலிருந்து "அம்மா" என்று ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

போய்ச் சொன்னாள். சொல்லுதேன் என்று செத்தவளுக்குச் சொல்லியிருந்தாள்.

"நல்லதம்பி, அம்மா செத்துப்போனா. செத்தவுக எந்திரிக்கமாட்டாக. இனி நான் சோறு தருவேன்."

அவன் கவனமாகக் கேட்டான். எப்போதும் பாடம் கேட்கிற முகம். யோசித்தான். அவனுக்கு ஒரே ஒரு காரணம்தான் தெரியும்.

"நான் திரும்பல க்கா," என்றான். "திரும்பவே இல்ல."

"ஆமாய்யா. நீ திரும்பல. அக்கா சொன்னதுதான் பொய்."

அக்கா பொய் சொல்வாள் என்பது அவனுக்குச் சொல்லிக்கொடுக்காத பாடம். அது ஏறவில்லை.

மறுநாள் சாயங்காலம் அவன் பழைய ஓட்டைக் குடத்தை எடுத்துக்கொண்டு வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தான். தோப்பில் கீற்றைத் தட்டி விரித்தான். அதைக் காட்டி, "படு க்கா," என்றான்.

முதல்தடவை எங்கேயோ தப்புச் செய்துவிட்டான். சரியாகச் செய்தால் எழுந்துவிடுவாள். அதை அவன் சொல்லவில்லை. முகத்தில் இருந்தது.

புருஷன் கடல் தாண்டி இருக்கும்போது கழுத்தில் தாலியோடு பிணமாகப் படுக்கிற பொம்பளை உண்டா? மாமியார் பார்த்தால் அன்றைக்கே வெளியே தள்ளுவாள். குருவம்மாள் சுற்றுமுற்றும் பார்க்கவில்லை. கீற்றில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினாள். அவன் அவளைச் சுற்றிப் போகிற சத்தம் கேட்டது. தண்ணீர் ஒழுகி அவள் காலில் தெறித்தது. மூன்று சுற்றும் நிதானமாக, ஒன்றும் விட்டுப்போகாமல் நடந்தான். குடம் மணலில் விழுந்தது. காலடி கிணற்றுப் பக்கம் போய் நின்றது.

குருவம்மாள் கண்ணைத் திறந்து பார்த்தாள். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு, மழித்த தலையை நிமிர்த்தி, விறைப்பாக நின்றான். 'எம்புள்ள செயிச்சிட்டான்' என்ற குரல் கேட்டால் திரும்புவான். அவள் வாயைத் திறந்தால் கேட்கப்போவது வள்ளித்தாயின் குரல் இல்லை. திறக்காத வரைக்கும், அவனுக்குப் பின்னால் அவன் அம்மா எழுந்துகொண்டிருக்கிறாள்.

சாரல் பெரிதாகி அவன் தலையில் அடித்தது. அவன் கையைத் தூக்கிப் பொத்திக்கொள்ளவில்லை.

"திரும்பல," என்றான் கிணற்றைப் பார்த்தபடியே.

குருவம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள்.